இருபது நொடி

பாங்கு கேட்டால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். நான் முஸ்லிம் இல்லை. காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்கள் வீடு இருக்கிற தெருவுக்குக் காற்று அடிக்கிற திசையைப் பொறுத்துத்தான் பள்ளிவாசல் சத்தம் வந்து சேரும். ஆனாலும் காதில் விழுந்துவிட்டால் போதும், திட்டிக்கொண்டிருக்கிற வாக்கியத்தைக்கூடப் பாதியில் விட்டுவிடுவேன். "உன் வாய அடக்க இந்த ஊர்ல அது ஒண்ணுதான் இருக்கு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆட்டோக்காரர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவர்கள் என்று தினம் ஒருவரிடமாவது வாய்ச்சண்டை போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பாங்குக்குப் பேச்சை நிறுத்துகிற பழக்கம் எனக்கு ஒருவரிடமிருந்து தொற்றியது. ஆபீஸில் ஐந்து வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அவர்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இப்போது அவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவரை நினைக்காத நாள் எனக்கு இல்லை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் போனதற்கு நானும் காரணம்.

எங்கள் ஆபீஸ் காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு. ஆளுயர ஜன்னல்கள், ஒன்றுகூட ஒழுங்காகச் சாத்தாது. ஏசி போட்டாலும் தெருச் சத்தம் முழுவதும் உள்ளே வரும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதானால் ஜனங்கள் ஒரு நம்பருக்குப் போன் செய்வார்களே, அந்தப் போனை எடுக்கிற இடம். கம்பெனி சென்னையில். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து அழைப்புகளையெல்லாம் எங்களுக்குத் திருப்பிவிடுவார்கள். நம் பேச்சு நம்மவர்களுக்குத்தான் புரியும் என்று யாரோ மேலே கண்டுபிடித்திருந்தார்கள். மொத்தம் முப்பது பேர் போன் எடுப்பார்கள். நான் மட்டும் எடுக்க மாட்டேன். எனக்கு ரிப்போர்ட் வேலை. யார் எத்தனை அழைப்பு எடுத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அட்டவணை போட்டுச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போன் எடுக்கிறவர்களைவிட நான் ஒரு படி மேல் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. வெளியே சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் இருந்தது.

லாத்தா போன் எடுப்பதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எடுத்தவுடன் மாடல் நம்பர் கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி. லாத்தா கேட்க மாட்டார். "உள்ள மீன் இருக்காம்மா?" என்று கேட்பார். ஒருமுறை மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால் கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டார். ஃப்ரீசர் நின்றுவிட்டது, உள்ளே அத்தனையும் வஞ்சிரம். லாத்தா முதலில் ஐஸ் எங்கே வாங்குவது, எப்படி அடுக்குவது, மூடியை எத்தனை மணி நேரம் திறக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம்தான் மாடல் நம்பருக்கு வந்தார். அந்த அம்மா பிறகு எங்கள் ஆபீஸைத் தேடிக்கொண்டு கையில் ஒரு பையோடு வந்துவிட்டார். ஏசி ரூமில் நாள் முழுக்கக் கருவாட்டு வாசனை. நான் கத்தினேன். லாத்தா சிரித்துக்கொண்டே பாதியை என் பையில் திணித்தார்.

அந்த வேலை அவருக்கு என்ன என்பதை அவரே ஒரு நாள் சொன்னார். வீட்டுக்காரர் மஸ்கட்டில் கடை வைத்திருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடு என்று வருடா வருடம் கூப்பிடுவார். மாமியார் வீட்டிலும் அதே பேச்சு. வேலை ஒன்றைச் சாக்காக வைத்துத்தான் லாத்தா இங்கே பிடிவாதமாக இருந்தார். "அங்க போனா நாலு சுவத்துக்குள்ள ஏசியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும் புள்ள. இங்க ஒரு நாளைக்கி எழுவது பேரு எங்கிட்ட பேசுறாங்க. நான் சொன்னா கேக்குறாங்க. இந்த வேல போச்சுன்னா அன்னைக்கே எனக்கு டிக்கெட் போட்ருவாங்க" என்றார்.

பாங்கு சொல்லும்போது லாத்தா பேச மாட்டார். தொழுகைக்கு எழுந்து போவதில்லை, அதை வீட்டில் போய்ச் சேர்த்துத் தொழுவேன் என்பார். பாங்குக்கு மட்டும் பேச்சை நிறுத்துவார். போனில் இருந்தால், "ஒரு நிமிஷம் இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, முழுப் பாங்குக்கும் இல்லை, தொடக்கத்தில் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் நாகூரோ திட்டச்சேரியோ என்றால் இதுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும். போனின் இரண்டு முனையிலும் இரண்டு பேர் பேசாமல் இருப்பார்கள். இந்துக்கள் வீடானாலும் அப்படித்தான். டிவி சத்தத்தைக் குறைப்பது போனிலேயே கேட்கும். ஐந்து வருடத்தில் ஒரு ஆள்கூட, ஏன் பேசாமல் இருந்தாய் என்று புகார் கொடுத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அம்மையார் கோயில் மாங்கனித் திருநாளன்று என் வேலையை அவர் பார்ப்பார். பெருநாளன்று அவர் போனை நான் எடுப்பேன், எடுத்து எல்லோரிடமும் திட்டு வாங்குவேன்.

அப்புறம் மெஷின் வந்தது.

அதற்கு முன்னால், மாதத்துக்கு ஒருவருக்கு நாலைந்து அழைப்புகளைச் சென்னையில் ஒரு அம்மா காதால் கேட்டு மார்க் போடுவார். இனி அப்படி இல்லை, எல்லா அழைப்பையும் செயற்கை நுண்ணறிவு கேட்கும், ஒவ்வொன்றுக்கும் அதுவே மார்க் போடும் என்றார்கள். வணக்கம் சொன்னாயா, பெயர் கேட்டாயா, குரல் கடுகடுப்பாக இருந்ததா, நடுவில் எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தாய், எல்லாம் பார்க்கும். போன் எடுக்கிறவர் மௌனமாக இருந்தால் அவருக்குப் பதில் தெரியவில்லை என்று அர்த்தமாம். ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் நீண்ட மௌனம் இருந்தால் அந்த நாள் தேறாத நாள். தேறாத நாட்கள் சேர்ந்தால் நோட்டீஸ்.

நீண்ட மௌனம் என்றால் எத்தனை நொடி என்பதை ஒவ்வொரு ஊர் ஆபீஸும் தன் பதிவுகளைப் பார்த்து ஒரு எண் சொல்ல வேண்டும் என்று சென்னையிலிருந்து எனக்கு மெயில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் வேண்டும் என்றார்கள். என்னை மதித்துக் கேட்டார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை பதிவாகியிருந்த அழைப்புகளை எடுத்தேன். வரிசைப்படுத்திப் பார்த்தேன். பன்னிரண்டு நொடிக்கு மேல் எவரும் பேசாமல் இருக்கவில்லை. சரி, தாராளமாகவே கொடுப்போம் என்று இருபது என்று எழுதி அனுப்பினேன். லாத்தா ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. பத்திலிருந்து பன்னிரண்டுவரை எந்தப் பள்ளிவாசலிலும் பாங்கு கிடையாது என்பதும் தோன்றவில்லை. மதியம் லுஹர் பாங்கே அதற்கப்புறம்தான். அன்று சாப்பாட்டுக்கு லாத்தா கொண்டுவந்த இறால் பொரியலை ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டேன்.

இரண்டு மூன்று மாதத்தில் லாத்தாவின் மார்க் விழ ஆரம்பித்தது. எங்களுக்கு மொத்த மார்க் மட்டும்தான் வரும். எதற்காகக் குறைந்தது என்கிற பிரிவெல்லாம் சென்னையிலேயே இருக்கும். லாத்தா வணக்கத்தை இன்னும் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். குரலில் சிரிப்பைக் கூட்டினார். மீன் இருக்கா என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். எனக்கு அது தாங்கவில்லை. மார்க் ஏறவில்லை. முதல் நோட்டீஸ் வந்தது, இரண்டாவது வந்தது, அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வேலையை விட்டு எடுத்த கடிதம் வந்தது. தரமதிப்பீடு குறைந்தபட்ச அளவை எட்டவில்லை என்று ஒரு வரி. கீழே, இது கணினியால் உருவாக்கப்பட்ட கடிதம், கையெழுத்து தேவையில்லை என்று இன்னொரு வரி.

லாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னை யாருமே எடுக்கலயாம் புள்ள. தானா எடுபட்டுச்சாம்" என்று சிரித்தார். பிறகு பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கேஸ் போடலாம் என்று குதித்தது நான்தான். கோர்ட்டுக்குப் பக்கத்தில் தொழிலாளர் கேஸ் பார்க்கும் ஒரு வக்கீல் இருந்தார். சட்டையில் இங்க் கறையோடு, எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் மாதிரி இருப்பார். கடிதத்தை ஒரே பார்வை பார்த்தார். "ஒருத்தர வேலைய விட்டு எடுக்கணும்னா என்ன தப்புன்னு சொல்லணும், பதில் சொல்ல வாய்ப்புக் குடுக்கணும். மார்க்கு எவ்வளவுன்னு சொல்றது காரணம் ஆவாதுங்க. மார்க்கு ஏன் கொறஞ்சுதுன்னு சொன்னாத்தான் காரணம்" என்றார். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். பிரிவு வாரியான மார்க்கைக் கொடுக்கச் சொல்லி அதிகாரி கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி கொடுத்தது. எப்படி? பல மாதத்து அழைப்புகள் அத்தனையும், வரி வரியாக, ஒரு பெரிய அட்டவணையில். படித்துக்கொள் பார்க்கலாம் என்கிற மாதிரி.

வக்கீலுக்கு அது புரியவில்லை. லாத்தா அதை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தருமபுரத்துக்கு என் வீட்டுக்கு வந்தார். நான் கம்பெனி ஆள், அதைத் தொடவே கூடாது. தொட்டேன். மௌனம் என்கிற ஒரே கட்டத்தில்தான் மார்க் போயிருந்தது, மற்ற எதிலும் அவருக்கு மார்க் குறையவே இல்லை. இருபதுக்கு மேல் போன வரிகளை மட்டும் பிரித்தேன். ஒரு நாளைக்கு மூன்று வரி. பெரும்பாலும் எல்லா நாளும் மூன்று. மதியம் ஒன்று, மூன்றரைக்குக் கிட்டத்தில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டீ குடிக்கப் போவாரோ? அதற்கெல்லாம் லாத்தா போனைக் கழற்றிவிட்டுத்தான் போவார். சாயங்கால வரி மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மழைக்காலத்தில் ஐந்தே முக்காலைத் தாண்டி இருந்தது, மாதம் போகப் போக நகர்ந்து நகர்ந்து, வெயில் காலத்தில் ஆறரைக்கு வந்துவிட்டது.

"சாயங்காலம் என்ன லாத்தா பண்ணுவீங்க?" என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். பதில் இல்லை. "ஒங்களத்தான் கேக்குறேன்" என்று எரிச்சலோடு திரும்பினேன். அவர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார். இன்னொரு கையைச் சற்றே உயர்த்தி, பொறு என்றார். ஜன்னல் வழியே காற்றில் அஸர் பாங்கு வந்துகொண்டிருந்தது. மணியைப் பார்த்தேன், மூன்றரை. திரையைப் பார்த்தேன். சாயங்கால வரி எதன் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது மஃரிபு பாங்கு, சூரியன் மறைகிற நேரம்.

அவருக்குமே அதுவரை தெரியாது. சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த மெஷினுக்குப் பாங்கு கேக்காதா?" என்றார். கேட்கும் லாத்தா, அது பின்னணி இரைச்சல் என்று தள்ளிவிடும், யாரும் பேசவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளும் என்றேன். அந்த இருபது என் இருபது என்பதையும் அப்போதே சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து, "நீ வேணும்னா செஞ்ச? அத ஆபீசர்கிட்ட சொல்லிரு, போதும்" என்றார். சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

வக்கீலுக்குத் தூக்கக் கலக்கமே போய்விட்டது. "எல்லாருக்கும் ஒரே விதிதான், ஆனா அடி ஒருத்தருக்கு மட்டும் விழுவுது. இது போதுங்க" என்று பரபரத்தார். லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "பாங்குன்னு ஒரு வார்த்த அந்த ரூம்ல வரக் கூடாதுங்க. நாளைக்கி ஊர்ல அதையே ஒரு சண்டையாக்குவாங்க. இத்தன காலமா யாரும் யாரையும் ஒண்ணும் சொன்னதில்ல. எனக்கு என் வேல வேணும், அதுக்காக அதக் கொண்டாந்து மேசை மேல வைக்க முடியாது" என்றார். வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "அப்பன்னா ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. மெஷினக் கூண்டுல ஏத்த முடியாது. அதுக்கு எண்ணு குடுத்த ஆளத்தான் கேக்கணும். யாரையும் கேக்காம, அவசரத்துல, காலையில ரெண்டு மணி நேரத்தப் பாத்துக் குடுத்த எண்ணுன்னு தெரிஞ்சா அந்த மார்க்கே நிக்காது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

சமரசப் பேச்சு நாள் வந்தது. கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து ஒரு ஹெச்.ஆர் வந்தார். உள்ளூர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார். வண்டியில் போகும்போது, "உங்கள டீம் லீடா போடலாம்னு பேசிட்டிருக்கோம்" என்றார். தொழிலாளர் அலுவலகத்து மாடி ரூமில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் ஹெச்.ஆரும் நானும். எதிரே வக்கீலும் லாத்தாவும். முதல்முறையாக நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

வக்கீல் கேட்க வேண்டியதைக் கேட்டார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்த இருபது செகண்டுங்கிறது யாரு வச்சது?"

ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவள் நான். அந்த நேரத்தில் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் புரட்டினேன். ஹெச்.ஆர் என்னைப் பார்க்கவில்லை, தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன பயம் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். வேலை போய்விடும் என்பது பாதி. மீதி பாதி, நான் ஒரு தப்பான எண்ணைக் கொடுத்தவள் என்று நாலு பேர் முன்னால் ஆகிவிடுமே என்பது. என் கர்வம்தான் அது, வேறொன்றும் இல்லை.

"சிஸ்டத்துலயே வந்தது சார்" என்றேன்.

லாத்தா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் தெரிந்தவர் என்று நினைத்துச் சிரித்து, பிறகு வேறு ஆள் என்று தெரிந்தால் ஒரு பார்வை பார்ப்போமே, அந்தப் பார்வை. பிறகு கடைசிவரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிவுக்கு வரவில்லை, இன்னொரு தேதி கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுப்பார், நல்லா இருக்கேன் என்பார், வைத்துவிடுவார். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. ஹெட்செட்டின் காது மெத்தையில் அவர் தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட துணி அப்படியே இருந்தது. மூன்று வேளையும் பாங்கு கேட்கும்போது நான் பேசாமல் இருப்பேன். பேசாமல் இருப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாததால் அது தண்டனை மாதிரி இருந்தது. சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாற்பது நாள் தள்ளிப்போட்டேன். அந்த நாற்பது நாளை யாராவது எனக்குத் திருப்பித் தந்தால் நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

நாற்பத்தோராம் நாள் வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மெயிலின் நகலையும் வைத்தேன். "ஒங்க வேலைக்கும் ஆபத்துன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?" என்றார். தெரியும் என்றேன். "மொத தடவையே சொல்லிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினார்.

அடுத்த பேச்சில் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். இந்தமுறை, "நான்தான் சார் வச்சேன்" என்றேன். எப்படி வைத்தேன் என்பதையும் சொன்னேன். பாங்கு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஹெச்.ஆர் வெளியே போய்ச் சென்னைக்குப் போன் செய்துவிட்டு வந்தார். ஒப்பந்தம் எழுதினார்கள். லாத்தாவை விட்ட இடத்திலிருந்து வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இனி மௌனத்துக்காக ஒருவருக்கு மார்க் குறைப்பதற்கு முன்னால் ஒரு மனுஷர் அந்த அழைப்பைக் காதால் கேட்க வேண்டும். கடிதம் எதுவானாலும் காரணம் எழுதி, ஒரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும். லாத்தா எல்லா இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

படியில் இறங்கும்போது ஓடிப்போய்ப் பிடித்தேன். "திங்கக்கெழம வருவீங்கள்ல லாத்தா? ஹெட்செட்ட யாரையும் தொட விடல."

"விசா வந்துருச்சு புள்ள" என்றார். "போன வாரந்தான் வந்துச்சு. புள்ளைக்கி அங்க ஸ்கூல்ல எடம் சொல்லியாச்சு. வேல போனதுக்கப்புறம் நான் எதச் சொல்லி நிக்கிறது?"

"இப்பதான் கெடச்சிருச்சே."

"நாலு மாசமா வீட்ல ஒத்தையா நின்னு பாத்துட்டேன். இனிமே முடியாது" என்றார். பிறகு என் கன்னத்தைத் தொட்டார். "சொல்லிட்டல்ல. அது போதும்." அது போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மேலே அந்த ரூமில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அதே படியில் நாங்கள் சிரித்துக்கொண்டே இறங்கி எதிர்க்கடையில் டீ குடித்திருப்போம்.

என்னைக் கம்பெனி வெளியே அனுப்பவில்லை. ரிப்போர்ட் வேலையை மட்டும் பிடுங்கிவிட்டு, போன் எடுக்கச் சொன்னார்கள். தண்டனையாகத்தான் செய்தார்கள். எனக்கு லாத்தாவின் நாற்காலி கிடைத்தது. பூப்போட்ட துணி என் காதில். முதல் வாரத்திலேயே மூன்று பேரிடம் சண்டை போட்டு, கடுகடுப்பு என்கிற கட்டத்தில் மெஷினிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன். "உள்ள மீன் இருக்காம்மா" என்று கேட்கப் பழகினேன். பாங்கு நேரத்தில் நிறுத்துவேன். சென்னையில் யாரோ ஒருவர் அந்த அழைப்பைக் கேட்டு, விதிவிலக்கு என்று எழுதுவார். என் மார்க் குறைவதில்லை. லாத்தா வாங்கிக் கொடுத்ததை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

பெருநாளைக்கு அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். பதில் வரும். மகள் நன்றாகப் படிக்கிறாள், வெயில் அதிகம், எங்களுக்காக துஆ செய். அவ்வளவுதான். ஒருமுறை மட்டும், "இங்க போனே வர்றதில்ல புள்ள, யாரும் எதுவும் கேக்குறதில்ல" என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை. எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எந்த மெஷினும் எண்ணாமல் இருந்தால் நல்லது.

போன மாதம் ஒரு சாயங்காலம் நாகூரிலிருந்து ஒரு வயதான அம்மா கூப்பிட்டார். ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது. விவரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியே மஃரிபு பாங்கு வந்தது. "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று நிறுத்தினேன். போனிலும் அங்கே சொல்கிற பாங்கு தொடங்கியது, எங்கள் ஊர்ப் பாங்குக்கு ஒரு வரி பின்னால். அந்த அம்மாவும் பேசவில்லை. இருபது நொடி போயிற்று. நாற்பது போயிற்று. பிறகு அவர்தான் பேசினார்.

"முன்னாடி ஒரு புள்ள பேசும். இதே மாதிரி பாங்குக்கு நிறுத்தும். போன வருஷம் என் ஐஸ் பொட்டியச் சரி பண்ணிக் குடுத்துச்சு. அது இருக்காம்மா?"

லீவில் இருக்காங்க என்று சொல்லியிருக்கலாம். வேலையை விட்டுப் போயிட்டாங்க என்று சொன்னால்கூடப் பொய் ஆகாது. பதிவாகிக்கொண்டிருக்கிற போன் அது.

"இல்லைங்கம்மா. நான் ஒரு தப்புப் பண்ணினேன், அதுல அவங்களுக்கு வேல போயிருச்சு. இப்ப வெளிநாட்டுல இருக்காங்க."

 பாங்கு முடிந்திருந்தது. அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிப்பது கேட்டது.

"அப்படியா" என்றார் அந்த அம்மா. "நீ பேச்ச நிறுத்துனப்ப அதுதான்னு நெனச்சேன்."

 பிறகு, உள்ளே மீன் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.